நல்ல காணொளியை நாலு பேரிடம் சேர்ப்பது எப்படி? சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூர் வந்து ஒரு மாதம் ஆவதற்குள் கைப்பேசியில் வாட்ஸ்அப் குழுக்கள் நிறைந்துவிடும். வேலையிடத்துக்கு ஒன்று, தங்கும் விடுதி அறைக்கு ஒன்று, கோயில் தொண்டூழியர்களுக்கு ஒன்று, பிள்ளையின் வகுப்புப் பெற்றோருக்கு ஒன்று. ஊரில் இருக்கும் குடும்பக் குழு ஏற்கெனவே உண்டு. எல்லாவற்றிலும் காணொளிகள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். பெரும்பாலானவற்றை யாரும் திறப்பதே இல்லை. ஆனால் பல குழுக்களில் ஒருவர் இருப்பார், அவர் அனுப்பினால் மட்டும் எல்லாரும் திறந்து பார்ப்பார்கள். அவர் அனுப்பும் விதத்தைக் கவனியுங்கள். காணொளியோடு அவரே எழுதிய இரண்டு வரி வரும். இது என்ன, யார் எடுத்தது, உங்களுக்கு ஏன் அனுப்புகிறேன் என்பது அந்த இரண்டு வரியில் இருக்கும்.

என்னைக் கேட்டால், பகிர்தல் என்பதே அந்த இரண்டு வரிதான். அதை எழுத முடியாத காணொளியை அனுப்ப வேண்டியதில்லை. எழுத வேண்டும் என்று உட்கார்ந்தால், கீழே சொல்லும் படிகளில் பாதியை நீங்கள் தானாகவே செய்துவிடுவீர்கள்.

முதல் படி: கடைசிவரை பாருங்கள்

தொடக்கத்தில் பிடித்துப்போய், பாதியில் நிறுத்தி, உடனே அனுப்பிவிடுகிறோம். பத்து நிமிடக் காணொளியின் ஒன்பதாவது நிமிடத்தில் ஒரு சமயத்தைப் பழிக்கும் பேச்சு இருக்கலாம், பணம் கட்டச் சொல்லும் விளம்பரம் இருக்கலாம். அனுப்பியவர் பெயரில்தான் அது போய்ச் சேரும். ஒரு மணி நேர உரையாக இருந்தாலும் முழுவதும் கேட்டபிறகே அனுப்புங்கள். நேரமில்லை என்றால் அனுப்புவதைத் தள்ளிப்போடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

பார்த்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். நாளைக்குக் காப்பிக்கடையில் நண்பரைப் பார்த்தால் இதைப் பற்றி வாயெடுத்துப் பேசுவேனா? பேசுவேன் என்றால் அனுப்பலாம்.

எதைப் பார்ப்பது என்று தேடுகிறவர்களுக்கு இங்கேயே நல்ல இடங்கள் உண்டு. சிங்கப்பூர் ஊடக நிறுவனமான மீடியாகார்ப்பின் மீவாட்ச் தளத்தில் ‘வசந்தம்’ தமிழ் ஒளிவழியின் நிகழ்ச்சிகளைப் பார்க்கலாம். சிங்கப்பூரில் என்ன நடக்கிறது என்பதைத் தமிழில் தெரிந்துகொள்ள, அதே நிறுவனத்தின் தமிழ்ச் செய்திப் பிரிவான ‘செய்தி’யின் காணொளிகள் உதவும். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில் நடக்கும் தமிழ்மொழி விழாவின் உரைகளும் போட்டிகளும் பல அமைப்புகளின் பக்கங்களில் பதிவேறும். நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தை. அதன் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979இல் தொடங்கியது. இங்கு வாழ்ந்தவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொன்ன நேர்காணல்கள் அங்கே சேர்ந்திருக்கின்றன, தமிழில் பேசியவையும் அவற்றில் உண்டு. பெரும்பாலும் ஒலிப்பதிவுகள்தான். லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவையும் சிராங்கூன் சாலையையும் இன்றைய கடைகளாக மட்டும் பார்க்கும் புதியவர் அவற்றில் ஒன்றைக் கேட்டுவிட்டு நடந்தால், அதே தெரு வேறு மாதிரி தெரியும்.

இரண்டாம் படி: ஊற்றுக்கண்ணைத் தேடுங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். உங்கள் கைக்கு வந்த துண்டு, யாரோ வெட்டி, பாட்டுச் சேர்த்து, எழுத்துப் போட்டு, நாலு கை மாறி வந்ததாக இருக்கும். முதலில் அதை வெளியிட்டவர் பக்கத்துக்குப் போங்கள்.

சந்திரயான்-3ஐ எடுத்துக்கொள்வோம். 2023 ஆகஸ்ட் 23 அன்று இந்திய நேரம் மாலை 5.44க்கு விக்ரம் தரையிறங்கு கலம் நிலவை நோக்கி இறங்கத் தொடங்கி 6.04க்குத் தரைதொட்டது. சிங்கப்பூரில் அப்போது இரவு 8.34. அந்த நேரலையை இஸ்ரோவே தன் யூடியூப் பக்கத்தில் கொடுத்தது. அதே தருணத்தைப் பின்னணி இசையோடும், வரைகலைக் காட்சிகளை உண்மையான படம்போல ஒட்டியும் எத்தனையோ பேர் மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். நேரலையில் தெரிவது பெரும்பாலும் கட்டுப்பாட்டு அறையும், திரையில் குறைந்துகொண்டே வரும் வேகமும் உயரமும்தான். அந்த இருபது நிமிடப் பதற்றம் ஒரு நிமிடத் துண்டில் கிடைக்காது. பிள்ளைகளுக்குக் காட்டுவதானால் மூலத்தையே காட்டுங்கள்.

மூலத்தைத் தேடுவதற்கு இன்னும் கனமான காரணம் ஒன்றுண்டு. கராச்சியில் குழந்தைகள் காணாமல்போவது பற்றிய விழிப்புணர்வுக்காக ஒரு குறும்படம் எடுத்தார்கள். தெருவில் விளையாடும் சிறுவனை மோட்டார்சைக்கிளில் வந்த இருவர் தூக்கிச் செல்கிறார்கள். பிறகு திரும்பி வந்து அவனை இறக்கிவிட்டு, ஒரு குழந்தையைக் கடத்த ஒரு கணம் போதும் என்று எழுதிய பலகையைக் காட்டுகிறார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டார்கள். மீதி, ‘நம்ம ஊரில் பிள்ளை பிடிக்கும் கும்பல்’ என்ற பெயரில் 2017, 2018இல் இந்தியாவெங்கும் வாட்ஸ்அப்பில் சுற்றியது. அந்த வதந்திக் காலத்தில் பல மாநிலங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், வழியில் நின்ற பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டி கடத்தல்காரி என்று சந்தேகிக்கப்பட்டுக் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். அந்தக் காணொளிகளைப் பரப்பியவர்களில் பலர் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நம்பியிருப்பார்கள்.

அந்த ஆண்டு ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2019இல் அது உலகம் முழுவதற்கும் வந்தது. ஒரு செய்தி குறைந்தது ஐந்து கை மாறி வந்திருந்தால் அதன்மேல் இரட்டை அம்புக்குறி தெரியும்; 2020 முதல் அத்தகையதை ஒரு தடவைக்கு ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும். இரட்டை அம்பைப் பார்த்ததும் கையை எடுத்துவிடுங்கள். மூலம் கிடைத்தால் மூலத்தை அனுப்பலாம்.

தேடுவது கடினமில்லை. காட்சியை நிறுத்தி, திரையைப் படமெடுத்து, கூகுள் லென்சில் போட்டால் அதே காட்சி முன்பு எங்கெல்லாம் வந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். வெள்ளம், நிலநடுக்கம், போர் பற்றிய காணொளி என்றால் இதைச் செய்யாமல் அனுப்பவே கூடாது. பழைய வெள்ளம் ஒவ்வொரு மழைக்கும் புதிய வெள்ளமாகத் திரும்பி வரும். ‘ஆர்மா 3’ என்ற கணினி விளையாட்டின் காட்சிகளை உண்மையான போர் என்று பலரும் பரப்பியதால், அதை உருவாக்கிய நிறுவனமே 2022இல் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது.

முகத்தையும் குரலையும்கூட இப்போது நம்ப முடியாது. 2023 டிசம்பரில், அப்போது பிரதமராக இருந்த திரு லீ சியன் லூங், தம் முகத்தையும் குரலையும் போலியாகச் செய்து முதலீட்டுக்கு ஆள்பிடிக்கும் காணொளி உலவுவதாக மக்களை எச்சரித்தார். பிரபலமானவர் ஒருவர் பணம் பற்றிப் பேசினால் அந்தக் காணொளி உங்களோடு நிற்கட்டும்.

மூன்றாம் படி: இரண்டு வரி எழுதுங்கள்

தேதியும் மண்டபமும் போடாத கல்யாணப் பத்திரிகையை யாரும் அச்சடிப்பதில்லை. காணொளியை மட்டும் அப்படித்தான் அனுப்புகிறோம். எழுத வேண்டியவை: என்ன, யார் வெளியிட்டது, எப்போது, எவ்வளவு நேரம், எங்கிருந்து பார்த்தால் போதும். கடைசியாக, உங்களுக்கு ஏன் பிடித்தது. இந்தக் கடைசி ஒன்றை மட்டும் உங்களைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது. அதற்காகத்தான் மற்றவர்கள் திறந்து பார்க்கிறார்கள்.

ஒரு மாதிரி:

“சந்திரயான்-3 நிலவில் இறங்கிய நேரலை. இஸ்ரோவின் சொந்தப் பக்கம், 2023 ஆகஸ்ட். நீளமானது, இறங்கும் கடைசி இருபது நிமிடம் பார்த்தால் போதும். வேகம் குறையக் குறைய அறையில் இருப்பவர்கள் முகத்தைக் கவனிங்க. பசங்களோட உட்கார்ந்து பார்க்கலாம்.”

இன்னொன்று, வேலையிடக் குழுவுக்கு:

“உயரத்தில் வேலை செய்யும்போது பாதுகாப்பு வாரை எங்கே மாட்டணும்னு செஞ்சு காட்டுறாங்க. நாலு நிமிடம்தான். தமிழில் பேசுறாங்க. புதுசா சேர்ந்த தம்பிங்க கண்டிப்பா பாருங்க.”

‘அருமை’, ‘கண்டிப்பாகப் பகிருங்கள்’, ‘அதிர்ச்சிக் காணொளி’ போன்றவற்றை எழுதாதீர்கள். எந்தக் காணொளிக்கும் பொருந்துகிற சொல் இந்தக் காணொளியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. உள்ளடக்கத்தை முழுதாகச் சொல்லிவிடவும் வேண்டாம். குறும்படம் என்றால் முடிவைத் தொடவே தொடாதீர்கள்.

இன மத வேறுபாடின்றி எல்லாரும் இருக்கும் குழுவில் தமிழ்க் காணொளி போடலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாகப் போடலாம். ஆங்கில வசன வரிகள் இருக்கின்றனவா என்று பார்த்து, அதைக் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் என்ன நடக்கிறது என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி கூடுதலாக எழுதுங்கள். பறை வாசிப்போ சிலம்பமோ கோலமோ மொழி தெரியாமலே பார்க்கக்கூடியவை. உங்களுடன் வேலை செய்யும் மலாய்க்காரரும் சீனரும் தைப்பூசக் காவடியைத் தெருவில் பார்த்திருப்பார்கள். அதன் பின்னால் இருக்கும் விரதத்தையும் ஆயத்தத்தையும் காட்டும் நல்ல காணொளி அவர்களுக்குப் புதிதாக இருக்கும்.

நான்காம் படி: சுட்டியை அனுப்புங்கள், கோப்பை அல்ல

யூடியூப், ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம் எதுவானாலும் ‘பகிர்’ பொத்தானைத் தட்டினால் சுட்டி கிடைக்கும். அதை நகலெடுத்து உங்கள் இரண்டு வரிக்குக் கீழே ஒட்டுங்கள். கணினியில் யூடியூபின் பகிர்வுப் பெட்டியில் எந்த நிமிடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று குறிக்கும் கட்டம் இருக்கும். அதைக் குறித்தால் பெறுபவருக்கு நேராக அந்த இடத்தில் திறக்கும். கைப்பேசியில் அனுப்புகிறவர்கள் “12:40இலிருந்து பாருங்கள்” என்று எழுதினாலே போதும்.

பதிவிறக்கிய கோப்பை அனுப்பினால் மூன்று தொல்லைகள். படத்தின் தரம் குறையும். யார் எடுத்தது என்ற அடையாளம் அறுந்துபோகும். பெறுபவரின் டேட்டாவும் கைப்பேசி இடமும் அவர் விரும்பாமலே செலவாகும். முன்கட்டண அட்டையில் மாதத்தை ஓட்டும் தோழர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. அடுத்தவர் உழைப்பை எடுத்து உங்கள் பக்கத்தில் மறுபடி ஏற்றுவது இங்கே பதிப்புரிமைப் பிரச்சினையும்கூட. புதிய பதிப்புரிமைச் சட்டம் 2021 நவம்பரில் நடப்புக்கு வந்தது. நீங்களே எடுத்த காணொளி என்றால் கோப்பாக அனுப்புவதில் தவறில்லை.

உங்கள் பக்கத்திலும் ஒரு வேலை உண்டு. வாட்ஸ்அப் அமைப்புகளில் ‘சேமிப்பிடமும் தரவும்’ என்ற பகுதிக்குப் போய், காணொளிகள் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்திவிடுங்கள். நீளமானவற்றைப் பொது நூலகத்தில் உட்கார்ந்து வயர்லெஸ்@எஸ்ஜி இலவச இணைப்பில் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: யாருக்கு, எப்போது

சிங்கப்பூர் நேரம் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இரண்டரை மணி நேரம் முந்தியது. நீங்கள் காலை ஆறு மணிக்கு ரயிலில் இருந்து அனுப்புவது ஊரில் அதிகாலை மூன்றரைக்குப் போய் மணியடிக்கும். வயதான பெற்றோர் இரவில் கைப்பேசி ஒலித்தால் பதறுவார்கள். இங்கேயும் அறையில் ஒருவர் இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். மாலை எட்டு மணியைப் போல ஒரு நேரம் வைத்துக்கொண்டால் இரு பக்கமும் நல்லது.

ஒரே காணொளியை எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பாதீர்கள். பெற்றோர் குழுவில் சமையல் காணொளியும், கோயில் குழுவில் சினிமாத் துண்டும் வேண்டியதில்லை. குழு நாள் ஒன்றுக்கு ஒரு காணொளியைத் தாங்கும். வாரம் ஒன்று என்றால் காத்திருந்து பார்க்கும்.

இங்குள்ள சட்டமும் பண்பும்

ஊரில் பழகியதை அப்படியே இங்கே செய்யக்கூடாத இடங்கள் சில உண்டு. இன, சமய நல்லிணக்கம் இந்த நாட்டில் மிகக் கவனமாகக் காக்கப்படுவது. 1964 ஜூலை 21 அன்று மூண்ட இனக் கலவரத்தின் நினைவாகவே ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் பள்ளிகளில் இன நல்லிணக்க நாள் அனுசரிக்கிறார்கள். ஓர் இனத்தையோ சமயத்தையோ இழிவுபடுத்தும் காணொளியை, ‘பாருங்கள் எப்படிப் பேசுகிறான்’ என்று கண்டித்து அனுப்பினாலும் நீங்கள்தான் அதைப் பரப்புகிறீர்கள். ஊர் அரசியலின் சாதி, மதச் சண்டைக் காணொளிகளும் இதில் அடங்கும்.

இணையப் பொய்களுக்கு எதிரான பொஃப்மா சட்டம் 2019 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. பொதுநலனுக்குக் கேடு விளைவிக்கும் பொய்யை, பொய் என்று தெரிந்தே பரப்பும் தனிமனிதருக்கு 50,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மூடிய வாட்ஸ்அப் குழுவுக்கும் அது பொருந்தும். தெரியாமல் ஏமாந்தவரைத் தண்டிப்பது அதன் நோக்கமில்லை, அதனால் பயந்து எதையும் அனுப்பாமல் இருக்க வேண்டாம். சிங்கப்பூர் அரசாங்கத்தைப் பற்றிச் சந்தேகமான ஒன்று வந்தால் அரசாங்கத்தின் ‘ஃபேக்ச்சுவலி’ பக்கத்தில் தேடிப் பாருங்கள்.

விபத்தில் அடிபட்டுக் கிடப்பவர், அடுக்குமாடி புளோக்கின் கீழே நடந்த சண்டை, அழுகிற குழந்தை, இவற்றை எடுத்து அனுப்பாதீர்கள். காவல்துறை நடவடிக்கை நடந்துகொண்டிருக்கும்போதும் அப்படியே. அடிபட்டவரின் மனைவி அந்தச் செய்தியை உங்கள் காணொளி வழியாகத் தெரிந்துகொள்ளும்படி ஆகக் கூடாது. ஒருவரின் அந்தரங்கக் காட்சியைப் பரப்புவது கடுமையான குற்றம். வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடம் நேராகச் சொல்லுங்கள்.

பேருந்திலும் ரயிலிலும் காதொலிக் கருவி போட்டுத்தான் பார்க்க வேண்டும். பயணப் பண்பைச் சொல்லும் கேலிச்சித்திரப் பாத்திரங்களில் ‘ஹஷ்-ஹஷ் ஹானா’ என்று ஒருவரே இதற்காக இருக்கிறார்.

மோசடிச் சுட்டிகள்

“இந்தக் காணொளியில் இருப்பது நீங்களா?” என்று நண்பர் பெயரில் வரும் சுட்டி, காணொளி பார்க்க ஒரு செயலியை நிறுவச் சொல்லும் பக்கம், கடவுச்சொல் கேட்கும் பக்கம் மூன்றையும் உடனே மூடுங்கள். காணொளி பார்க்க இவை எதுவும் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் ஸ்கேம்‌ஷீல்டு செயலியில் சரிபார்க்கலாம் அல்லது 1799 என்ற உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

தவறான காணொளி குழுவில் வந்துவிட்டால்

நீங்கள் அனுப்பியது என்றால் ‘அனைவருக்கும் நீக்கு’ என்பதைப் பயன்படுத்துங்கள். இரண்டு நாளுக்குச் சற்று அதிகமாக வாட்ஸ்அப் அவகாசம் தருகிறது. நீக்கியதோடு விடாமல், ஏன் நீக்கினீர்கள் என்று ஒரு வரி போடுங்கள். ஏற்கெனவே பார்த்தவர்கள் அதை உண்மை என்றே மனத்தில் வைத்திருப்பார்கள்.

மற்றவர் அனுப்பியது என்றால், குழுவில் எல்லார் முன்னும் திருத்தாதீர்கள். வயதில் மூத்தவராக இருந்தால் தனியே எழுதுங்கள்: “அண்ணே, காலையில நீங்க போட்ட வெள்ளக் காணொளி சில வருஷத்துக்கு முந்தினது போலத் தெரியுது. பழைய செய்தியில அதே காட்சி இருக்கு, சுட்டி அனுப்பியிருக்கேன். நீங்களே குழுவில ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லா இருக்கும்.” பெரும்பாலானவர்கள் சொல்லிவிடுவார்கள்.

சேர்ந்து பார்ப்பது

கைப்பேசிக்கு அனுப்புவதைவிட நல்ல வழி, பக்கத்தில் உட்கார்ந்து காட்டுவது. ஞாயிற்றுக்கிழமை விடுதி அறையிலோ, வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்தோ, நாலு பேர் சேர்ந்து பார்த்தால் நடுவில் நிறுத்தலாம், கேள்வி கேட்கலாம், ஒருவர் தன் ஊர்க் கதையைச் சொல்லலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பழைய சிங்கப்பூர்க் காட்சிகளைப் போட்டுக் காட்டுங்கள். காணொளி சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். அறிவிப்பு ஒட்டி சமூக மன்றத்தில் பலரைக் கூட்டித் திரையிடுவது வேறு வகை. அதற்கு முன்பே மன்றத்தையும் காணொளியின் உரிமையாளரையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அனுப்பிய பிறகு

யாராவது ஒருவர் பார்த்துவிட்டு ஒரு வரி எழுதினால் கட்டைவிரல் படத்தோடு நிறுத்தாமல் பதில் எழுதுங்கள். யாருமே எழுதவில்லை என்றாலும் “பார்த்தீர்களா?” என்று துரத்த வேண்டாம். பல பேர் வாரக் கடைசியில்தான் பார்ப்பார்கள்.

பிடித்த காணொளிகளின் சுட்டியையும் உங்கள் இரண்டு வரியையும் வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பில் ஒரு சொல்லை மாறாமல் பயன்படுத்தினால், ‘சமையல்’, ‘வரலாறு’, ‘பிள்ளைகளுக்கு’ என்று, பிறகு தேடும்போது உடனே கிடைக்கும். புதிதாக வந்த ஒருவர் “இங்கே தமிழில் பார்க்க நல்லதாக எதுவும் இருக்கா?” என்று கேட்கும்போது, அந்தப் பட்டியலிலிருந்து மூன்றை எடுத்து அவருக்கு அனுப்பலாம்.